வட ஒன்டாரியோ ஏரிக்கு மிதவை விமானத்தில் மீன் பிடிக்கப் போகிறவர்களுக்கு

கேள்வி சுருக்கமாக இது: டொராண்டோவின் ஸ்கார்பரோவில் இருக்கும் நாலு நண்பர்கள். சிம்கோ ஏரியிலும் ரைஸ் லேக்கிலும் சில வருடமாகத் தூண்டில் போட்டுப் பழகியவர்கள். வரும் ஜூனில் ஒரு வாரம், சாலையே போகாத வடக்கு ஏரி ஒன்றுக்கு மிதவை விமானத்தில் போக ஆசை. ஊரிலிருந்து வந்திருக்கும் மாமாவும் கூட வருகிறார். எங்கே போவது, என்ன சாமான் வேண்டும், மீன் நிறையக் கிடைக்குமா, ஐஸ்பெட்டியை நிரப்பிக்கொண்டு வரலாமா?

மீன் கிடைக்குமா என்று கவலைப்படவே வேண்டாம். சிம்கோவில் நாள் முழுக்க உட்கார்ந்து இரண்டு மீனைக் கண்ணால் பார்க்கிற ஆளுக்கு, அங்கே முதல் நாள் மாலையிலேயே கை வலிக்கும். பிக்கரல் என்ற மீனின் கூட்டத்தின் மேல் படகு நின்றுவிட்டால் போட்ட தூண்டிலுக்கெல்லாம் கடிதான். ஐஸ்பெட்டி கதை வேறு. சட்டமும் விடாது, ஏரியும் தாங்காது. ஏரி ஏன் தாங்காது என்பதை முதலில் சொல்கிறேன். அது புரிந்தால் சட்டம் ஏன் அப்படி இருக்கிறது என்று தானே விளங்கும்.

வட ஒன்டாரியோவில் பெரும்பகுதி பழைய கருங்கல் பாறை. பனியாறுகள் அதைச் சுரண்டி, பள்ளம் பறித்து, உருகிப் பின்வாங்கி ஏறக்குறைய 10,000 வருடம்தான் ஆகிறது. அந்தப் பள்ளங்கள்தான் இன்றைய ஏரிகள். மாகாணம் முழுக்க 250,000க்கும் மேல் இருக்கின்றன. பாறைமேல் மண் சொற்பம் என்பதால் மழைநீர் அதில் வழிந்து ஏரியில் சேரும்போது உரச்சத்து எதையும் பெரிதாகக் கொண்டுவருவதில்லை. முக்கியமாகப் பாஸ்பரஸ் கிடையாது. கெனோரா பக்கத்தில் எக்ஸ்பெரிமெண்டல் லேக்ஸ் ஏரியா என்று ஓர் ஆய்வுப் பகுதி 1968 முதல் இயங்குகிறது. அங்கே நிஜ ஏரிகளிலேயே பரிசோதனை செய்கிறார்கள். 1973இல் டேவிட் ஷிண்ட்லரின் குழு 226ஆம் எண் ஏரியின் ஒடுங்கிய நடுப்பகுதியில் திரை கட்டி அதை இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் மட்டும் போட்டார்கள், மறு பாதியில் அவற்றோடு பாஸ்பரஸும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் விழுந்த பாதி பாசி பிடித்துப் பச்சையாகிவிட்டது, மற்றது தெளிவாகவே கிடந்தது. நீங்கள் இறங்கப் போகும் ஏரியின் தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெரிவதற்குக் காரணம் அதில் சாப்பாடு இல்லாததுதான்.

பாசி குறைவு என்றால் அதைத் தின்னும் நுண்ணுயிர் குறைவு, அதைத் தின்னும் சிறு மீன் குறைவு, அதைத் தின்னும் பெரிய மீனும் குறைவு. இதோடு வருடத்தில் பாதி நாள் ஏரிமேல் ஐஸ். மீன் வளர்வது மிச்சமிருக்கும் சில மாதத்தில்தான். லேக் ட்ரவுட் என்ற மீன் வடக்கே முதல் முறை முட்டையிடவே எட்டு, பத்து வருடம் எடுத்துக்கொள்ளும். அப்படியானால் கடி மேல் கடி எப்படி என்று கேட்பீர்கள். யாரும் எடுக்காமல் பல பத்து வருடமாகச் சேர்ந்த மீன் அது. வட்டி மிகக் குறைந்த வைப்பில் பரம்பரையாகக் கிடக்கும் பணம் மாதிரி. பார்க்கப் பெரிதாக இருக்கும், கை வைத்தால் திரும்பச் சேராது. ஒரு காலத்தில் மீன் கொழித்து, பக்கத்தில் மரம் வெட்டும் சாலை வந்த சில வருடத்திலேயே வெறிச்சோடிப்போன ஏரிகள் வடக்கே நிறைய உண்டு. தூரம்தான் அந்த மீனுக்குக் காவல், அந்தத் தூரத்துக்குத்தான் நீங்கள் விமானக் கூலி கொடுக்கிறீர்கள்.

இன்னும் வடக்கே போனால் இது இன்னும் கூடும். நார்த்வெஸ்ட் டெரிட்டரீஸில் ஆர்க்டிக் வட்டத்தின் மேல் கிடக்கும் கிரேட் பேர் ஏரியில் 1995இல் ஒருவர் 72 பவுண்டு லேக் ட்ரவுட் ஒன்றைத் தூண்டிலில் பிடித்தார். பல வருடம் உலக சாதனையாக நின்ற மீன். அந்தக் குளிரில் அந்த எடைக்கு வர ஒரு மீனுக்கு மனித ஆயுளில் பாதிக்கு மேல் வேண்டும். அங்கே போவதற்கு ஆகும் செலவில் நீங்கள் நாலு பேரும் வட ஒன்டாரியோவுக்குப் பல தடவை போய்வரலாம் என்பதால் அதை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

சரி, சட்டம். ஒன்டாரியோவை 20 மீன்பிடி மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஏரி முடிவானதும் அது எந்த மண்டலம் என்று பார்த்து, மாகாணத்தின் மீன்பிடி விதித்தொகுப்பில் அந்த மண்டலத்தின் பக்கத்தை வரிவரியாகப் படியுங்கள். சில ஏரிகளுக்குத் தனி விதியும் உண்டு. வடக்கு மண்டலங்கள் பலவற்றில் ஸ்போர்ட் லைசென்ஸ் வைத்திருப்பவருக்கு நாளைக்கு 4 பிக்கரல், அதில் 46 சென்டிமீட்டருக்கு மேல் ஒன்றே ஒன்று. விலை குறைந்த கன்சர்வேஷன் லைசென்ஸ் என்றால் 2. நம்மாட்கள் வழக்கமாகக் கோட்டை விடும் இடம் அடுத்தது. கையிருப்பு வரம்பும் அதே 4தான். நாளைக்கு 4, ஏழு நாளைக்கு 28 என்று கணக்குப் போடக் கூடாது. ஏழாம் நாள் விமானத்தில் ஏறும்போது ஆளுக்கு 4 மீன், அவ்வளவுதான். நடுவில் பிடித்துப் பொரித்துச் சாப்பிட்டது கையிருப்பில் வராது, ஆனால் அன்றைய கணக்கில் வரும். அதனால் அங்கேயே தினம் சாப்பிடுங்கள், கடைசி நாள் பிடித்ததை வீட்டுக்கு எடுங்கள். துண்டு போட்டுக் கொண்டுவருவதானால் ஒவ்வொரு துண்டிலும் கொஞ்சம் தோலை விட்டுவையுங்கள், ஒன்றோடொன்று ஒட்டாமல் தட்டையாகப் பொதி கட்டுங்கள். வழியில் அதிகாரி நிறுத்தினால் என்ன மீன், எத்தனை மீன் என்று பார்த்ததும் தெரிய வேண்டும். எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டியாகப் பனிக்கட்டி ஆக்கிக் கொண்டுவந்து மாட்டிக்கொள்கிறவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள்.

மாமா விஷயமும் இதோடு சேர்ந்தது. சுற்றுலா விசாவில் வந்தவர் கனடாவில் வசிப்பவர் ஆக மாட்டார். அவருக்கு வெளிநாட்டவருக்கான லைசென்ஸ் தனியாக எடுக்க வேண்டும். 65 வயது தாண்டியவருக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று நீங்கள் கேள்விப்பட்டது கனடாவில் வசிப்பவருக்கான சலுகை. மாமாவுக்கு எழுபது வயதானாலும் அது பொருந்தாது. 'நான் சும்மா பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்' என்ற பேச்சும் எடுபடாது. கையில் தூண்டில் இருந்தால் மீன் பிடிக்கிறார் என்றுதான் அர்த்தம். இன்னொரு காகிதம்: மோட்டார் படகு ஓட்டுகிறவரிடம் படகோட்டும் அட்டை இருக்க வேண்டும். இணையத்தில் பரீட்சை எழுதி வாங்கலாம், ஆயுளுக்கும் செல்லும். நாலு பேரில் இரண்டு பேராவது எடுத்துவையுங்கள்.

எங்கே போவது? காரில் ஒரே நாளில் போய்ச் சேர வேண்டுமானால் கோக்ரேன் பக்கம். டொராண்டோவிலிருந்து ஏறக்குறைய 700 கிலோமீட்டர். அடுத்து ஹர்ஸ்ட், நாகினா. இன்னும் மேற்கே ஆம்ஸ்ட்ராங், சூ லுக்அவுட், ரெட் லேக். இவற்றுக்கு முதலில் தண்டர் பே பக்கம் போக வேண்டும், அதுவே ஏறக்குறைய 1,400 கிலோமீட்டர். வழியில் ஓரிரவு தங்கல் உறுதி. ஏரியின் பெயரைக் கேட்டுத் தேர்ந்தெடுக்காதீர்கள், அவரவர் ஏரியை அவரவர் உலகிலேயே சிறந்தது என்றுதான் சொல்வார்கள். விமானமும் குடிலும் வைத்திருப்பவரிடம் நேராகக் கேளுங்கள்: ஏரியில் உங்கள் குடில் ஒன்றுதானா, வேறு குழுவும் வருமா? ஏரிக்குள் வந்து விழும் ஆறு குடிலிலிருந்து படகில் எவ்வளவு தூரம்? ஜூனில் அங்கே பிக்கரல் எத்தனை அடியில் நிற்கிறது? நன்றாகத் தெரிந்தவர் மூன்றாவது கேள்விக்கு யோசிக்காமல் பதில் சொல்வார். முதல் பயணத்துக்குக் கூடாரம் வேண்டாம், குடில் எடுங்கள். காஸ் அடுப்பு, காஸ் ஃபிரிட்ஜ், விறகு அடுப்பு, கட்டில், வெளியே ஒரு கக்கூஸ், கரையில் 14 அல்லது 16 அடி அலுமினியப் படகுகள், பின்னால் 9.9 குதிரைத்திறன் மோட்டார். இதுதான் வழக்கமான ஏற்பாடு. சமையல் உங்கள் பாடு.

ஏறப்போகும் விமானம் அநேகமாக பீவர் அல்லது ஓட்டர். பீவர் 1947 ஆகஸ்டில் முதன்முதலாகப் பறந்தது வேறெங்கும் இல்லை, டொராண்டோவின் டவுன்ஸ்வியூவில்தான். 1967இல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். ஆகவே நீங்கள் ஏறும் விமானம் அநேகமாக உங்களைவிட மூத்தது. பயப்பட ஒன்றுமில்லை, குறுகிய தண்ணீரில் ஏறி இறங்க அதை மிஞ்ச ஆளில்லை என்பதால்தான் இன்னும் ஓடுகிறது. ஆனால் எடையில் விளையாட முடியாது. ஆளுக்கு இவ்வளவு பவுண்டு என்று முன்பே சொல்லிவிடுவார்கள், துறையில் தராசு வைத்து நிறுப்பார்கள். பத்து கிலோ அரிசி மூட்டை, கண்ணாடிப் போத்தல் ஊறுகாய், அம்மிக்குப் பதிலாக மிக்ஸி என்று கிளம்பும் வழக்கத்தை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். மிக்ஸிக்கு அங்கே மின்சாரமும் கிடையாது. பெரிய சூட்கேஸ் வேண்டாம். விமானத்தின் மூலைகளில் திணிக்க மென்மையான பைகள்தான் சரி. தண்ணீர் போத்தல் சுமக்கவே வேண்டாம். ஏரித் தண்ணீரைக் கொதிக்கவைத்தோ வடிகட்டியோ குடிக்கலாம். எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அப்படியே குடிக்காதீர்கள், ஜியார்டியா என்ற வயிற்றுப்போக்குக் கிருமி அங்கே சகஜம்.

மூடுபனியோ காற்றோ வந்தால் விமானம் வராது. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு என்றால் ஞாயிறு மதியமும் ஆகலாம். இரண்டு நாள் சாப்பாடு கூடுதலாக, தினம் சாப்பிடும் மாத்திரைகள் நாலு நாளைக்குக் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். மாமாவுக்கு இன்சுலின் இருந்தால் இது சாதாரண விஷயம் இல்லை. திங்கட்கிழமை காலை முக்கியமான மீட்டிங் வைத்துக்கொண்டு இந்தப் பயணம் போகாதீர்கள். கைபேசிக்கு சிக்னல் அறவே இருக்காது. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கையடக்கக் கருவி ஒன்றை வாடகைக்காவது எடுங்கள். அதை ஒருவர் உடம்போடு வைத்திருக்க வேண்டும். குடிலில் சார்ஜ் போட்டுவிட்டுப் படகில் போனால் அது இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

இப்போது நான் அழுத்திச் சொல்ல நினைப்பது. கரடி, ஓநாய் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள், தண்ணீரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. வடக்கே பல ஏரிகளில் ஐஸ் போவது மே நடுவில்தான். ஜூன் தொடக்கத்தில் வெயில் 25 டிகிரி அடிக்கும், சட்டையைக் கழற்றத் தோன்றும். ஆனால் தண்ணீர் 10 டிகிரிக்குப் பக்கத்தில்தான் நிற்கும். அதில் விழுந்தால் என்ன ஆகும் என்பதை மானிடோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் என்ற பேராசிரியர் தானே குளிர்ந்த நீரில் இறங்கி ஆராய்ந்திருக்கிறார். அவர் பரப்பிய கணக்கு 1-10-1. முதல் 1 நிமிடம் மூச்சு உங்கள் சொல் கேட்காது, தானாக இழுத்து இழுத்து வாங்கும். அப்போது தலை தண்ணீருக்குள் இருந்தால் அதோடு முடிந்தது. அடுத்த 10 நிமிடம் கைகால் உங்கள் பேச்சைக் கேட்கும், அதற்குள் ஏறப் பாருங்கள். அதன்பின் விரல் மடங்காது, நீச்சல் தெரிந்தாலும் பயனில்லை. உடல் குளிர்ந்து நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம். இந்த ஒரு மணி நேரம் உயிர்காப்பு அங்கி போட்டவருக்குத்தான். போடாதவர் அதுவரை போகவே மாட்டார்.

அதனால் அங்கியை இருக்கைக்கு அடியில் வைக்காமல் உடம்பில் போட்டு ஜிப்பை இழுத்துவிடுங்கள். மாமா 'நான் கடலில் வளர்ந்தவன்' என்று சொல்வார். சொல்லட்டும், அவருக்கும் மாட்டிவிடுங்கள். நம்மூர்க் கடலில் விழுந்து பழகிய உடம்புக்கு இந்தக் குளிர் முற்றிலும் புதிது. ஆள் விழுந்தால் மோட்டாரை நிறுத்திவிடும் கயிற்றை ஓட்டுபவர் கையில் கட்டிக்கொள்ள வேண்டும். படகில் நின்று ஒன்றுக்குப் போகாதீர்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் படகு விபத்துகளில் அதற்கும் ஒரு பங்கு உண்டு. பியர் குடிலுக்கு வந்த பிறகு. குடித்துவிட்டுப் படகு ஓட்டினால் கார் லைசென்ஸும் போகும். பெரிய ஏரியில் மதியத்துக்கு மேல் காற்று எழும்பும். அக்கரையில் இருந்தால் அடங்கும்வரை கரையேறித் தேநீர் போட்டுக்கொண்டு உட்காருங்கள், இருட்ட இரவு பத்து மணி ஆகும், அவசரமில்லை.

பூச்சி பற்றிச் சுருக்கமாக. ஜூன் என்றால் பிளாக் ஃப்ளை உச்சம். ஓடும் தண்ணீரில் பிறப்பது, பகலில் கடிப்பது. காதோரம், கழுத்து, தொப்பி விளிம்பு என்று தேடிப்போய்க் கடிக்கும். கடித்த இடத்தில் ரத்தம் வழிந்த பிறகுதான் தெரியும். அந்தி சாய்ந்தால் கொசு முறை. வெளிர் நிற முழுக்கைச் சட்டை போடுங்கள், கருநீலம் அவற்றுக்கு ரொம்பப் பிடிக்கும். தலையையும் மூடும் வலைச்சட்டை ஆளுக்கு ஒன்று வாங்குங்கள். பூச்சி மருந்தில் டீட் 30 சதவீதம் இருந்தால் போதும். ஆனால் அந்தக் கையால் லைனையும் (தூண்டில் நூல்) இரையாக மாட்டும் பிளாஸ்டிக் புழுவையும் தொடாதீர்கள், டீட் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். பூச்சியே ஆகாது என்றால் பயணத்தை ஆகஸ்டுக்கு மாற்றுங்கள். அப்போது மீன் கொஞ்சம் ஆழத்துக்குப் போயிருக்கும், தேட வேண்டும். நான் ஜூன் கட்சி.

மீன் பிடிப்பது என்னவோ எளிதுதான், இருந்தாலும் பழக்கம் தெரிந்து போனால் நல்லது. பிக்கரல், அமெரிக்கக்காரர் வால்ஐ என்பது, ஐஸ் போனதும் ஆற்றுவாயிலும் சரளைக் கரையிலும் முட்டையிடும். ஜூன் தொடக்கத்தில் அந்த இடத்தை விட்டு அதிக தூரம் போயிருக்காது. ஆறு ஏரிக்குள் விழும் இடம், அருவிக்குக் கீழே சுழல் அடங்கும் இடம், இரண்டு தீவுக்கு நடுவே ஓடும் ஒடுங்கிய நீரோட்டம்: இந்த மூன்றையும் வரைபடத்தில் முன்பே குறித்துக்கொள்ளுங்கள். கால் அவுன்ஸ் ஜிக் (ஈயத் தலை வைத்த முள்), வெள்ளையோ மஞ்சள் பச்சையோ ஒரு பிளாஸ்டிக் வால், 8 பவுண்டு லைன். அடியில் தட்டும்வரை இறக்கி, ஒரு சாண் தூக்கி, மெதுவாக விடுங்கள். கடி வெட்டி இழுக்காது. ஜிக் இறங்கும்போது லைன் லேசாகக் கனக்கும், ஈரத்துணி மாட்டியதா என்று சந்தேகம் வரும். அதுதான் மீன், தூக்குங்கள். அதன் கண்ணுக்குள் பின்பக்கத்தில் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் இருப்பதால் மங்கல் வெளிச்சத்தில் மற்ற மீனைவிட நன்றாகப் பார்க்கும். அதனால்தான் சூரியன் இறங்கும் நேரம் திடீரென்று கடி கூடும். டார்ச் அடித்தால் கண் பூனைக்கண்ணாக மின்னும்.

பைக் என்ற மீன் வேறு ரகம். ஆழமில்லாத, சூடேறிய, புல் முளைக்கும் குடாக்களில் அசையாமல் நிற்கும். சிவப்பு வெள்ளை ஸ்பூன் (கரண்டி வடிவ உலோக இரை) போதும், ஆனால் முன்னால் ஸ்டீல் லீடர் என்ற கம்பித் துண்டு கட்டாயம்; பல் லைனை அறுத்துவிடும். பிக்கரல் ஒன்றை இழுத்துக்கொண்டு வரும்போது பாதி வழியில் பைக் வந்து அதைக் குறுக்கே கவ்விக்கொள்வது அங்கே சாதாரணம். கவ்வியதை விடாமல் படகு வரை வந்து, உங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கடைசியில் துப்பிவிட்டுப் போகும்.

லேக் ட்ரவுட் குளிர் நீர்ப் பிரியன். ஐஸ் போன கையோடு மேல்மட்டத்தில் திரியும். ஜூன் போகப் போக ஆழத்துக்கு இறங்கிவிடும். இங்கே ஒரு முக்கியமான வேறுபாடு. லேக் ட்ரவுட்டின் காற்றுப்பை குடலோடு இணைந்தது. இருபது மீட்டரிலிருந்து இழுத்துவந்தால் மேலே வரும் வழியிலேயே காற்றை வாயால் விட்டுவிடும், தண்ணீர் மட்டத்தில் குமிழ் குமிழாக வருவதை நீங்களே பார்க்கலாம். பிக்கரலின் காற்றுப்பைக்கு அப்படி வழி இல்லை. பத்து மீட்டருக்குக் கீழிருந்து தூக்கினால் பை உப்பி, வயிறு புடைத்து, சில சமயம் இரைப்பை வாய்க்குள் தள்ளி நிற்கும். விட்டாலும் மல்லாந்து மிதக்கும், கடற்பறவைக்கு விருந்து. ஆகவே ஆழத்தில் பிக்கரல் கூட்டத்தைக் கண்டால் அன்றைய சாப்பாட்டுக்கு வேண்டியதை எடுத்துவிட்டு இடத்தை மாற்றுங்கள். பிடித்துப் பிடித்து விட்டோம் என்று நீங்கள் மனத்திருப்தியோடு திரும்புவீர்கள், அவை செத்திருக்கும்.

தூண்டில் முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறடால் நசுக்கி விடுங்கள். மீனை விடுவது எளிது. அதைவிட, உங்கள் விரலில் ஏறினால் கழற்றுவது எளிது. ஒரு வாரத்தில் யாராவது ஒருவர் கையில் ஏறும் என்றே வைத்துக்கொள்ளுங்கள், மருத்துவமனை விமான தூரத்தில் இருக்கிறது. எடுப்பதற்கு 40 முதல் 45 சென்டிமீட்டர் மீன் போதும். சட்டிக்கும் அதுதான் அளவு, ருசியும் அதில்தான். பெரிய பிக்கரல் அநேகமாக எல்லாமே பெண். ஒவ்வொன்றும் வருடா வருடம் லட்சக்கணக்கில் முட்டையிடுவது. படம் எடுக்க ஆசையாக இருந்தால் கையை நனைத்துக்கொண்டு, வயிற்றுக்குக் கீழே கை கொடுத்துக் கிடையாகத் தூக்கி, உங்கள் மூச்சை நீங்கள் அடக்கியிருக்கும் நேரத்துக்குள் எடுத்துவிட்டுத் தண்ணீரில் விடுங்கள்.

பெரியதை விடச் சொல்வதற்கு இன்னொரு காரணம் பாதரசம். ஆள் இல்லாத ஏரி, அதனால் சுத்தமான மீன் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். காற்றோடு வந்து விழும் பாதரசம் தொலைவு பார்ப்பதில்லை. ஏரியடியில் உள்ள நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்ற, சின்ன மீனிலிருந்து பெரிய மீனுக்குப் போகப் போகக் கூடிக்கொண்டே போகும். மெதுவாக வளர்ந்து பல வருடம் மற்ற மீனைத் தின்ற கிழ பைக், கிழ லேக் ட்ரவுட் இவற்றில்தான் அதிகம். மாகாண அரசு சோதித்துப் பார்த்த ஏரிகளுக்கு, ஒவ்வொரு மீனுக்கும், நீளம் வாரியாக மாதம் எத்தனை வேளை சாப்பிடலாம் என்று பட்டியல் வெளியிடுகிறது. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் தனி வரிசை உண்டு. வீட்டுக்கு மீன் கொண்டுபோகுமுன் அதைப் பாருங்கள்.

கெனோராவுக்கு வடக்கே இங்கிலிஷ்-வாபிகூன் ஆற்று வழி ஏரிகள் தனிக் கதை. டிரைடனில் இருந்த காகித ஆலையின் ரசாயனப் பிரிவு 1962 முதல் 1970 வரை ஏறக்குறைய 9 டன் பாதரசத்தை ஆற்றில் விட்டது. கிராஸி நாரோஸ், வாபசீமூங் என்ற பூர்வகுடி ஊர்கள் அந்த மீனைத்தான் சாப்பிட்டன, அந்த மீன்பிடித் தொழிலை நம்பித்தான் இருந்தன. 1970இல் வணிக மீன்பிடிப்பை மூடினார்கள். வேலையும் போயிற்று, உடம்பும் போயிற்று. அடுத்த தலைமுறையிலும் பாதிப்பு தொடர்கிறது. வடக்கே யாருமில்லாத இடம் என்று நாம் சொல்லும் ஏரிகள் பெரும்பாலும் அனிஷினாபே, கிரீ மக்களின் பூமி. தண்ணீரில் மிதவைகள் வரிசையாகத் தெரிந்தால் அது அவர்கள் வைட்ஃபிஷ்ஷுக்குப் போட்ட வலையாக இருக்கலாம், சுற்றிப் போங்கள். பழைய குடிசை, கல்லறை, பாறையில் சிவப்பு ஓவியம் எதுவானாலும் தொடாதீர்கள்.

சமையல். அங்கத்தைய வழக்கம், மதியம் ஏதாவது ஒரு பாறைக் கரையில் படகை ஏற்றி, நெருப்பு மூட்டி, காலையில் பிடித்ததை அங்கேயே பொரித்து, உருளைக்கிழங்கோடும் டின் பீன்ஸோடும் சாப்பிடுவது. அவர்கள் பன்றிக்கொழுப்பில் பொரிப்பார்கள். நமக்கு மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, தேசிக்காய் போதும். பிக்கரல் வெள்ளைச் சதை, வாடையே இருக்காது, ஒரு பக்கம் இரண்டு நிமிடத்துக்கு மேல் விட்டால் உதிரும். குழம்புக்கு அது ஆகாது, கரைந்துவிடும். குழம்பு வேண்டுமென்றால் எண்ணெய் உள்ள லேக் ட்ரவுட்தான், புளி கொஞ்சம் தூக்கலாக. பைக்கில் Y வடிவ முள் வரிசை இருப்பதால் பாதிப் பேர் வேண்டாம் என்பார்கள். கரண்டியால் சதையைச் சுரண்டி எடுத்துக் கட்லெட் போட்டால் அதே ஆட்கள் இன்னொன்று கேட்பார்கள். எதையும் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ சாப்பிடாதீர்கள், பைக்கிலும் பிக்கரலிலும் மனிதக் குடலில் வளரும் நாடாப்புழு உண்டு.

குடலையும் தலையையும் குடில் பக்கம் போடக் கூடாது. கரடியை நீங்களே அழைத்தது ஆகும், உங்களுக்கு அடுத்த வாரம் வருகிறவர்தான் மாட்டுவார். குடில்காரர் எங்கே போடச் சொல்கிறாரோ அங்கே, பொதுவாக எதிர்க்கரைப் பாறையில், படகில் கொண்டுபோய்ப் போடுங்கள்; பறவைகள் ஒரு மணி நேரத்தில் துடைத்துவிடும். பொரித்த எண்ணெயையும் குடில் வாசலில் ஊற்றாதீர்கள். கரடி ஸ்பிரே ஒன்று வாங்கினால் விமானியிடம் முதலிலேயே சொல்லுங்கள். அதை ஆட்கள் இருக்கும் அறைக்குள் ஏற்ற மாட்டார்கள், மிதவைக்குள் வைத்துக் கொண்டுவருவார்கள்.

முன்பதிவை இப்போதே செய்யுங்கள். நல்ல ஏரியின் ஜூன் வாரங்களைப் போன வருடம் வந்தவர்களே கிளம்பும்போது பிடித்துவைத்துவிடுவார்கள், மிச்சம் இருப்பதுதான் நமக்கு. ஐந்து பேர் என்பதையும் சொல்லிவிடுங்கள். பல படகுகள் இரண்டு அல்லது மூன்று பேருக்கானவை, விமானமும் ஒரு நடையா இரண்டு நடையா என்பது அதைப் பொறுத்தது. திரும்பி வரும் நாள் விமானம் மாலையில் இறக்கிவிட்டால் அன்றிரவே டொராண்டோவுக்கு வண்டியை விடாதீர்கள். 11ஆம் நெடுஞ்சாலையில் இரவில் மூஸ் என்ற பெரிய மான் குறுக்கே நிற்கும். கறுப்பு உடம்பு, கண் நம் ஹெட்லைட்டுக்கு மேலே இருப்பதால் மின்னாது, இடித்தால் கால் முறிந்து அரை டன் உடம்பு கண்ணாடி வழியாக உள்ளே வரும். விமானத்துறை ஊரிலேயே ஒரு மோட்டலில் அறை சொல்லிவையுங்கள். ஃப்ரீசர் இருக்கிறதா என்று கேட்டு எடுத்தால் மீனையும் ஓரிரவு அதில் போட்டுவிடலாம்.